ஏர் ஃபில்டரில் ஸ்பாஞ்சின் இருப்பும் இன்மையும்: ஓர் ஒப்பியல் ஆய்வு

முன்னுரை: காற்று உலகெங்கும் பரவியுள்ளது என்பதை அறிஞர்கள் ஒருமனதாக ஏற்கின்றனர். அதில் தூசி உண்டு என்பதையும் பெரும்பாலோர் மறுப்பதில்லை. பெட்ரோல் முழுமையாக எரிய அதன் எடையைப் போல் சுமார் 14.7 மடங்கு காற்று வேண்டும். லிட்டருக்கு லிட்டர் கணக்குப் போட்டால், ஒரு லிட்டர் பெட்ரோலுக்குச் சுமார் 9,000 லிட்டர் காற்று. அந்த ஒரு லிட்டரின் விலையைப் பற்றி நாள்தோறும் புலம்பும் சமூகம், கூடவே இலவசமாக வரும் 9,000 லிட்டரை ஆராயாமல் விட்டது பேரிழப்பு. அக்குறையைப் போக்குவதே இவ்வாய்வின் நோக்கம்.

ஆய்வு எல்லை: பானெட்டுக்கு அடியில்.

ஆய்வு மூலங்கள்: சென்னை ஜி.பி. ரோட்டிலும் புதுப்பேட்டையிலும் ஸ்பேர் பார்ட்ஸ் விற்போரின் வாய்மொழி முதன்மைச் சான்றாகக் கொள்ளப்பட்டது. வண்டியோடு வரும் கையேடு துணைமைச் சான்று. அதைப் பிளாஸ்டிக் உறையிலிருந்து வெளியே எடுத்த தகவலாளி எவரும் கிடைக்காததே இதற்குக் காரணம்.

வகைப்பாடு: காகிதம், மடிப்பு மடிப்பாக இருக்கும். வெறும் ஸ்பாஞ்ச், யமஹா ஆர்எக்ஸ் 100 வைத்திருந்தவர்கள் அறிவார்கள். எண்ணெயில் நனைத்துப் பிழிந்து மாட்டுவது. காகிதத்தின் மேல் ஸ்பாஞ்ச், நம் ஆய்வுப் பொருள். நான்காவது, ஃபில்டரே இல்லாமை. ‘சவுண்டு நல்லா வரும்’ என்று கழற்றி எறியும் இளைஞர்கள் பின்பற்றும் துறவு நெறி இது. இதில் முதலில் முக்தி அடைவது பிஸ்டன் ரிங்.

கருத்து மோதல்: பருமனான தூசியை ஸ்பாஞ்ச் முன்னாலேயே பிடித்துவிடும், காகிதம் சீக்கிரம் அடைக்காது என்பர் ஒரு சாரார் (கடைக்காரர், வாய்மொழி). கூடுதல் அடுக்கு காற்றுக்குக் கூடுதல் தடை, நாளானால் ஸ்பாஞ்ச் பொடிப்பொடியாக உதிரும் என்பர் மறுசாரார் (எதிர்க்கடைக்காரர், வாய்மொழி). இரண்டுமே உண்மை. ஆனால் இரண்டும் உண்மை என்று சொன்னவருக்கு எந்தப் பல்கலைக்கழகமும் பட்டம் தந்ததில்லை என்பதால் விவாதம் தொடர்கிறது. ஸ்பாஞ்சை அன்று போற்றியவர் பின்னர் காகிதத்துக்கு மாறியதும் பதிவு செய்யத்தக்கது (மேற்படி கடைக்காரர், மறுநாள், ஸ்பாஞ்ச் வைத்த சரக்கு தீர்ந்தபின், முகத்தைப் பாராமல்).

தட்டியல்: ஃபில்டரைக் கழற்றித் தட்டுவதை இதுவரை எவரும் தனித் துறையாக வளர்க்கவில்லை. தட்டுவோரை இடம் கருதிப் படிக்கட்டுப் பள்ளி, டயர்ப் பள்ளி, சொந்த உள்ளங்கைப் பள்ளி எனப் பகுக்கலாம். மூன்றிலும் சடங்கு ஒன்றே. இரண்டு தட்டு, ஒரு ஊது, பிறகு வெயிலுக்கு நேரே தூக்கிப் பிடித்து ஒரு கண்ணை மூடிப் பார்த்தல். எந்தக் கண்ணை மூடுவது என்பதில் பள்ளிகளுக்குள் உடன்பாடு இல்லை. ‘இன்னும் ஒரு சர்வீஸ் ஓடும் சார்’ என்ற மங்கல வாசகத்தோடு சடங்கு நிறைவுறும் (மெக்கானிக், வாய்மொழி). வண்டிக்காரர் தலை மறைந்ததும் பாடபேதம் காணப்படுகிறது: ‘மாத்தியிருக்கணும்’ (மேலது, டீ கிளாஸைக் கீழே வைத்தபின், உதவியாளரிடம், குரல் தாழ்த்தி). கம்ப்ரஸர் வந்தபின் தோன்றிய காற்றடிப் பள்ளி, தூசி படிந்த வெளிப்பக்கத்திலிருந்தே பீய்ச்சி அழுக்கைக் காகிதத்துக்குள் இன்னும் ஆழமாக ஏற்றுகிறது. எண்ணெய்ப் பூச்சுள்ள காகித ஃபில்டருக்கோ எந்தப் பக்கத்திலிருந்தும் காற்றடிக்கலாகாது.

இதில் ஒரு முரண். புத்தம் புது ஃபில்டரைவிட, கொஞ்சம் தூசி படிந்த ஃபில்டரே நுண்தூசியை நன்றாகப் பிடிக்கும். படிந்த தூசியே இன்னொரு சல்லடையாகிவிடுகிறது. முந்தைய ஆய்வேடுகளின் தூசி படிந்த ஆய்வேடே தேர்வாளரிடம் எளிதில் தேறுவதும் இதே விதிப்படிதான்.

தூசி அரசியல்: ஏர் ஃபில்டர்களைச் சோதிக்க ஐஎஸ்ஓ 5011 என்ற நெறிமுறை உண்டு. அதற்கான தூசியை ஐஎஸ்ஓ 12103-1 வரையறுக்கிறது. வழக்கில் அதன் பெயர் அரிசோனா தூசி. அமெரிக்கப் பாலைவன மண்ணிலிருந்து வந்தது. மிக நுண்மை தொடங்கிப் பருமன் வரை நான்கு தரம். குதிரைமொழித் தேரியின் செம்மணலுக்கும் கோவில்பட்டிக் கரிசலுக்கும் அதில் இடமில்லை. தமிழ்த் தூசியே உலகின் மூத்த தூசி என நிறுவும் கட்டுரை அடுத்த மாநாட்டில் படிக்கப்படும். முடிவுரை தயார், சான்றுகள் தேடப்படுகின்றன.

மைலேஜ்: அடைத்த ஃபில்டரால் மைலேஜ் குறையும் என்பது தொன்மம். கார்பரேட்டர் வண்டிக்கு அது பொருந்தும். இன்ஜெக்ஷன் வண்டியில் உள்ளே போகும் காற்றுக்கேற்ப கம்ப்யூட்டர் பெட்ரோலைக் குறைத்துவிடுவதால், குறைவது பிக்கப்தான். அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வகம் 2009இல் சோதித்துச் சொன்னது இது. இக்கட்டுரையில் மேற்கோள் காட்டப்பட்ட ஆய்வுகளில் உண்மையாகவே நடந்தது இது ஒன்றுதான். ஆகவே எவரும் இதைச் சரிபார்க்க மாட்டார்கள்.

ஆய்வு முடிவு: தார் ரோட்டில் மட்டும் ஓடும் காருக்குக் கையேட்டில் சொன்ன காகித ஃபில்டர் போதும். குவாரி, செங்கல் சூளை, மண்பாதை என்று அலையும் வண்டிக்கு, அதே மாடலுக்கென்று ஸ்பாஞ்ச் அடுக்கோடு வருவது கிடைத்தால் வாங்குங்கள். ஸ்பாஞ்சைத் தனியாக வாங்கி வெட்டி ஒட்டாதீர்கள். எதுவானாலும் ஓரத்து ரப்பர் பெட்டிக்குள் சந்தில்லாமல் உட்கார்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். சந்து இருந்தால் ஸ்பாஞ்சும் காகிதமும் வேடிக்கை பார்க்கும், தூசி நேரே இன்ஜினுக்குப் போகும். பைக்கின் ஸ்பாஞ்ச் ஃபில்டரைப் பெட்ரோலில் கழுவாதீர்கள். காகிதம் அடைத்துவிட்டால் தட்டாதீர்கள், மாற்றுங்கள்.