சுமைகூலி முக்கால் பணம்

கம்பெனியே பூட்டித்தந்த டெஸ்க்டாப். "ஒரு கிராபிக்ஸ் கார்டு போட்டாப் போதும்ப்பா" என்றான் மகன். ரிச்சி தெருவில் ஆர்டிஎக்ஸ் 3060 வாங்கினோம். அது கேட்பது 170 வாட்; மதர்போர்டு ஸ்லாட் தருவதோ 75. மீதியைத் தர வேண்டிய எட்டு பின் ஒயர் எங்கள் 240 வாட் பவர் சப்ளையில் கிடையாது. புது சப்ளை வந்தது. ஜாதகம் பொருந்தவில்லை: அதில் ஊருக்கெல்லாம் பொதுவான 24 பின், எங்கள் போர்டிலோ கம்பெனி தனக்கென்று செய்துகொண்ட 6 பின். போர்டை மாற்றினோம். திருகு ஓட்டைகள் ஒத்துவராததால் கேபினட்டும் போயிற்று. ப்ராசஸரும் ராமும் மட்டும் பழசு. அவற்றையும் மகன் ஒரு மாதிரியாகத்தான் பார்க்கிறான். பழைய பெட்டி வாசலில் இருக்கிறது, மேலே துளசித் தொட்டி. அதற்கு வாட் கணக்கு தேவைப்படவில்லை.