ராஜராஜன் சுவரில் எழுதியவர்கள்

தஞ்சாவூர்ப் பெரிய கோயிலுக்கு ஒண்டியாகப் போகிறவனை வழிகாட்டிகள் லேசில் விடமாட்டார்கள். குடும்பத்தோடு போனால் யாராவது ஒரு பெரியப்பா "அதெல்லாம் எங்களுக்கே தெரியும்பா" என்று விரட்டிவிடுவார். எனக்கு அந்தப் பாதுகாப்பு இல்லாததால் காலையிலேயே ஒருவர் பிடித்துக்கொண்டார்.

"சார், இந்த விமானத்தோட நிழல் தரையிலே விழவே விழாது."

நாங்கள் இருவரும் அப்போது அந்த நிழலில்தான் நின்றிருந்தோம். வெயிலுக்கு இதமாக இருந்தது.

"உச்சியிலே இருக்கறது ஒரே கல்லு சார், எண்பது டன்." பல கற்களைச் சேர்த்து வைத்தது என்று ஆராய்ந்தவர்கள் எழுதிவிட்டார்கள். 216 அடி விமானத்துக்கு அதனால் ஒரு குறையும் வந்துவிடவில்லை. "நந்தி வளர்ந்துகிட்டே போச்சு, முதுகிலே ஆணி அடிச்சு நிறுத்தினாங்க." இது நாயக்கர் காலத்து நந்தி. எவ்வளவுதான் வளர்ந்திருந்தாலும் கோயிலைக் கட்டிய ராஜராஜன் அதைப் பார்த்திருக்க வழியில்லை.

நூறு ரூபாயை வாங்கிக்கொண்டு அவர் வேறு ஒண்டி ஆளைத் தேடிப் போனார். அவர் சொல்லாமல் விட்டதெல்லாம் சுவரில் இருந்தது.

1010ல் கோயில் வேலை முடிந்ததும் ராஜராஜன் செய்த காரியம், வரவு செலவு முழுவதையும் கல்லில் வெட்டச் சொன்னது. வாளும் குதிரையுமாகச் சினிமாவில் பார்த்த மனிதருக்குள் ஒரு தலைமைக் கணக்குப்பிள்ளை உட்கார்ந்திருந்திருக்கிறார். தான் கொடுத்தவை, அக்கா கொடுத்தவை, தன் பெண்டுகள் கொடுத்தவை, மற்றவர்கள் கொடுத்தவை என்று வரிசை போகிறது. அக்கா குந்தவையை மனைவிமார்களுக்கு முன்னால் எழுதிவிட்டு அன்று இரவு அந்தப்புரத்துக்கு எப்படிப் போனார் என்பதை மட்டும் எந்தக் கல்வெட்டும் சொல்லவில்லை.

நகைக்கு எடை போட்டால் முத்தைக் கோத்த நூல், உள்ளே வைத்த அரக்கு வரைக்கும் குறிப்பு உண்டு. நாளைக்கு எவனும் எடை குறைகிறது என்று சொல்லிவிடக் கூடாது. கோயிலுக்கு ஆடப் பாட 400 பெண்களை வெளியூர்க் கோயில்களிலிருந்து கொண்டுவந்தார். அவர்களுடைய பெயர், சொந்த ஊர்க் கோயில், எந்தத் தெருவில் எந்தச் சிறகில் எத்தனையாவது வீடு, எல்லாம் கல்லில். ஆளுக்கு வருஷம் நூறு கலம் நெல். நாவிதர், தையல்காரர், வண்ணார், குடை பிடிப்பவர் யாரும் விட்டுப்போகவில்லை. சோழநாட்டில் தபால்காரர் இருந்திருந்தால் இந்தச் சுவர் ஒன்றே போதும்.

எனக்குப் பிடித்தது ஆட்டுக் கணக்கு. ஒரு விளக்கு அணையாமல் எரிய 96 ஆடு. அதை இடையர் ஒருவரிடம் ஒப்படைத்துவிடுவார்கள். அவர் தினம் ஓர் உழக்கு நெய் அளக்க வேண்டும். அந்தக் காலக் கல்வெட்டுகளில் இப்படிப்பட்ட ஆடுகளுக்குச் சாவா மூவாப் பேராடு என்று பெயர். அவை சாகாது, கிழடு தட்டாது. செத்தால் குட்டியை வைத்து எண்ணிக்கையைச் சரிக்கட்டிக்கொள்ள வேண்டியது இடையர் பாடு. முதலுக்கு மோசமில்லாத இப்படி ஒரு வைப்புநிதித் திட்டத்தை இன்றைய வங்கிகளே கண்டுபிடிக்கவில்லை.

இவ்வளவு கறாரான மனிதரிடமும் வேலை நிலுவை விழுந்திருக்கிறது. மேல்தளத்தில் 108 நடனக் கரணச் சிற்பங்கள் செதுக்க ஏற்பாடு, 81 முடிந்தது. மீதிக் கற்கள் ஆயிரம் வருஷமாக வெறுமனே நிற்கின்றன.

இத்தனை விவரம் எழுதி வைத்தும் ஊர்க்காரர்கள் மறந்துபோனார்கள் என்பதுதான் வேடிக்கை. கட்டியது வேறொரு சோழன் என்று கதை ஓடிக்கொண்டிருந்தது. 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஹூல்ஷ் என்ற ஜெர்மானியர் வந்து கல்வெட்டைப் படித்த பிறகே ராஜராஜனுக்கு அவர் வீடு திரும்பக் கிடைத்தது.

அதற்குள் அந்தச் சுவரில் மற்றவர்கள் கைவைத்துவிட்டார்கள். கருவறையைச் சுற்றிய உள்பாதையில் சோழர் ஓவியங்கள் இருந்தன. நாயக்கர்கள் வந்தார்கள், அதன் மேலேயே சுண்ணாம்பு பூசித் தங்கள் ஓவியத்தை வரைந்தார்கள். 1931ல் எஸ்.கே. கோவிந்தசாமி என்ற பேராசிரியர் உதிர்ந்த பூச்சுக்கு அடியில் சோழர் வண்ணத்தைக் கண்டுபிடிக்கும் வரை அது உள்ளே இருப்பதே யாருக்கும் தெரியாது.

நாயக்கர்கள் போன விதம் தனிக் கதை. மதுரைச் சொக்கநாத நாயக்கர் பெண் கேட்டார். தஞ்சை விஜயராகவ நாயக்கர் தரமாட்டேன் என்றார். 1673ல் தஞ்சையே போயிற்று. தஞ்சை நாயக்கர் வாரிசு ஒருவரை அரியணையில் உட்கார வைத்துவிட்டு வா என்று பிஜப்பூர் சுல்தான் தன் மராத்தியத் தளபதி ஏகோஜியை அனுப்பினார். ஏகோஜி அரியணையைத் துடைத்துப் பார்த்தார், நன்றாக இருந்தது, தானே உட்கார்ந்துவிட்டார். 1677ல் அண்ணன் சிவாஜி வந்து அப்பா சொத்தில் பங்கு கேட்டபோது, தம்பி ராத்திரியோடு ராத்திரியாகக் கொள்ளிடத்தைத் தாண்டி ஓடிவந்துவிட்டார். பாகப்பிரிவினை என்று வந்துவிட்டால் சத்ரபதி குடும்பமும் நம் குடும்பமும் ஒன்றுதான்.

இதை யோசித்தபடி ஒரு மெஸ்ஸில் இலை முன்னால் உட்கார்ந்தேன். தனியாகச் சாப்பிடுகிறவனிடம் பரிமாறுகிறவர்களுக்குத் தனிக் கரிசனம் உண்டு. "சாம்பார் இன்னும் கொஞ்சம் ஊத்தட்டுங்களா? இது எங்க ஊர்ல பொறந்தது சார்." ஏகோஜியின் மகன் ஷாஜி மகாராஜா காலத்தில் சிவாஜியின் மகன் சாம்பாஜி விருந்துக்கு வந்தாராம், அன்றைக்கு மராத்தியர் புளிப்புக்குப் போடும் கோகம் தீர்ந்துபோய், புளியைக் கரைத்து ஊற்றினார்களாம், அவர் பெயரே குழம்புக்கு வந்ததாம். ஆதாரம் இருக்கிறதா என்று கேட்டேன். இன்னொரு கரண்டி ஊற்றினார். அதற்கு மேல் கேட்க வயிற்றில் இடமில்லை.

மத்தியானம் அரண்மனை. இங்கே கதாநாயகர் ஏகோஜி வம்சத்து இரண்டாம் சரபோஜி. 1799ல் வெள்ளைக்காரர்கள் ஒப்பந்தம் போட்டு ராஜ்யத்தை எடுத்துக்கொண்டு, மகாராஜா பட்டத்தை மட்டும் அவருக்கு விட்டுவைத்தார்கள். வேலை இல்லாத ராஜா என்ன செய்வார்? படித்தார். சரஸ்வதி மகால் நூலகத்தை உலகம் முழுவதிலிருந்தும் வாங்கி நிரப்பினார், அச்சகம் வைத்தார், கண்நோயாளிகளின் கண்களைப் படமாக வரைந்து குறிப்பேடு எழுத வைத்தார். சும்மா இருந்து இவ்வளவு செய்த ராஜா, ஆண்டிருந்தால் எதையும் செய்திருக்கமாட்டார் என்பது என் அபிப்பிராயம்.

ஆனால் நெப்போலியன் தோற்றதற்கு அவர் கொண்டாடியதுதான் புரியவில்லை. தன் நாட்டை எடுத்துக்கொண்டவர்கள் எங்கோ ஜெயித்ததற்காகக் கடற்கரையில் எட்டு அடுக்கு மனோரா கோபுரத்தைக் கட்டினார். அதற்கு முன்னாலேயே இன்னொன்றும் செய்திருந்தார். 1803ல் தன் போன்ஸ்லே வம்ச வரலாற்றை மராத்தியில் நீளநெடுக வெட்டவைத்தார். எங்கே? ராஜராஜன் கோயில் சுவரில். சொந்தமாக அரண்மனை நிறையச் சுவர் இருந்தது. ஆனாலும் அந்தச் சுவர்தான் வேண்டியிருந்தது.

அரண்மனையில் எந்த வம்சத்தையும் சேராத குடித்தனக்காரர் ஒருவரும் இருக்கிறார்: 1955ல் தரங்கம்பாடிப் பக்கம் கரை ஒதுங்கிய திமிங்கலத்தின் எலும்புக்கூடு. இதுவரை சுவரில் எதையும் எழுதாமல் இருப்பவர் அவர் ஒருவர்தான்.

சாயங்காலம் ஒரு சந்திரகலாவும் டபராவில் காபியும் சாப்பிட்டுவிட்டு மறுபடி கோயிலுக்குப் போனேன். வெளி வாசலுக்குக் கேரளாந்தகன் என்று பெயர். சேரனை முடித்ததன் ஞாபகார்த்தம். இன்றைக்கும் அது ஆளை முடிக்கும், நேர் வாசலில் வந்தால் நாற்காலி போய்விடும் என்று பதவியில் இருப்பவர்கள் பயந்து பக்க வாசலைத் தேடுகிறார்களாம். உள்ளே திருச்சுற்றில், தொல்லியல் துறையின் எச்சரிக்கைப் பலகைக்குக் கொஞ்சம் தள்ளி, இதய வடிவம் ஒன்றைக் கீறி அதற்குள் இரண்டு பெயர் எழுதியிருந்தது. ராஜராஜன், நாயக்கர், சரபோஜி, அடுத்து இவர்கள்.

இனியும் எழுத நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. இந்தச் சுவருக்குக் கட்டணம் ஆயிரம் வருஷத்துக்கு முன்பே நிர்ணயமாகிவிட்டது: விளக்கு ஒன்று, ஆடு 96, தினம் ஓர் உழக்கு நெய். ஆடுகளை ஓட்டிக்கொண்டு வாருங்கள். பதவி ஏதும் இல்லையென்றால் நேர் வாசலிலேயே வரலாம்.