தவணைக்குத் தேதி உண்டு, எஞ்சினுக்கு இல்லை

எண்பதாயிரம் டாலரைத் தாண்டும் விலையில் அமெரிக்காவில் ஒரு கெடிலாக் எஸ்கலேட் வாங்குகிறீர்கள். நெடுஞ்சாலையின் நடுப்பாதையில் அதன் எஞ்சின் உயிரை விடுகிறது. வண்டியை இழுத்துக்கொண்டு போய் டீலரிடம் நிறுத்தினால் முகமெல்லாம் பல்லாக வரவேற்பார்கள். "கவலையை விடுங்கள், வாரண்டி இருக்கிறது. உங்களுக்கு ஒரு காசு செலவில்லை." சரி, எஞ்சின் எப்போது வரும்? அந்தக் கேள்வியைக் கேட்டதும் பல் மறைந்துவிடும். "பேக்ஆர்டரில் இருக்கிறது." அடுத்த வாரமா, அடுத்த மாதமா? "பேக்ஆர்டரில் இருக்கிறது." கையிருப்பில் இல்லை, வந்தால் தருகிறோம் என்று அர்த்தம். சித்தர் வாக்கு மாதிரி, அதற்கு மேல் விளக்கம் கிடையாது.

2025 ஏப்ரலில் ஜெனரல் மோட்டார்ஸ் உலகம் முழுவதும் சுமார் 7,21,000 வண்டிகளைத் திரும்ப அழைத்தது. அமெரிக்காவில் மட்டும் ஏறக்குறைய ஆறு லட்சம். சில்வராடோ, சியரா பிக்அப் டிரக்குகள், டாஹோ, சபர்பன், யூகான், எஸ்கலேட் என்று அந்த நிறுவனம் மார்தட்டிக்கொள்ளும் பெரிய வண்டிகள் அத்தனையும் பட்டியலில் இருந்தன. எல்லாவற்றுக்கும் இதயம் ஒன்றுதான்: எல்87 என்னும் 6.2 லிட்டர் வி8 எஞ்சின். கனெக்டிங் ராடிலும் கிராங்க்‌ஷாஃப்டிலும் தயாரிப்புக் கோளாறு. ஓடிக்கொண்டிருக்கும்போதே எஞ்சின் சிக்கி நின்றுவிடும். தொடர்புடையவையாக இருக்கலாம் என்று நிறுவனமே அரசிடம் ஒப்புக்கொண்ட புகார்களும் சம்பவங்களும் 28,102. அவற்றில் 14,332, வண்டி ஓட்டத்திலேயே உந்துவிசையை இழந்ததாகச் சொன்னவை. 12 விபத்துகள், 12 பேருக்குக் காயம்.

இது ஏதோ நேற்று ராத்திரி வெளுத்த சாயம் அல்ல. 2022க்கும் 2024க்கும் இடையில் மூன்று முறை உள்ளுக்குள் விசாரணையைத் திறந்து, மூன்று முறையும் சமத்தாக மூடி வைத்தார்கள். 2025 ஜனவரியில் அமெரிக்க அரசின் நெடுஞ்சாலைப் போக்குவரத்துப் பாதுகாப்புத் துறை கதவைத் தட்டிய பிறகுதான் ஞானம் பிறந்தது. அதைவிட அழகு ஒன்று உண்டு. திரும்ப அழைக்கப்பட்டவை 2024 மே வரை தயாரான எஞ்சின்கள். ஜூன் முதல் ஆலையில் தயாரிப்பைச் சீர்செய்துவிட்டார்களாம். அதாவது, ஆலைக்கு வைத்தியம் பார்த்து முடித்து ஏறக்குறைய ஒரு வருடம் கழித்துத்தான் வண்டி ஓட்டுபவனுக்கு நோய் இருப்பதைச் சொன்னார்கள். இயந்திரத்தின் மீது எவ்வளவு பரிவு!

இனி சிகிச்சைக்கு வருவோம். சோதனையில் தோற்ற வண்டிக்குப் புது எஞ்சின். தேறிய வண்டிக்கு? 0டபிள்யூ-20க்குப் பதிலாகக் கொஞ்சம் கெட்டியான 0டபிள்யூ-40 எண்ணெய், புது ஃபில்டர், எண்ணெய் ஊற்றும் வாய்க்கு ஒரு புது மூடி, கையேட்டில் செருகி வைக்க ஒரு தாள். மூட்டு தேய்ந்தவனுக்குத் தைலப் புட்டியின் மூடியை மாற்றிக் கொடுத்து அனுப்பிவைக்கும் வைத்தியம் இது. ஒன்றை மறுக்க முடியாது: மூடிக்குத் தட்டுப்பாடு வந்ததாக இதுவரை யாரும் புலம்பவில்லை.

தட்டுப்பாடு எஞ்சினுக்குத்தான். "சப்ளை செயின்" என்று கைவிரிப்பார்கள், ஏதோ வானம் பொய்த்துவிட்ட மாதிரி. திரும்ப அழைத்த வண்டிகளில் சுமார் 3 சதவீதத்தில் குறை இருக்கும் என்று கணக்குச் சொன்னதே நிறுவனம்தான். ஆறு லட்சத்தில் 3 சதவீதம் பதினெட்டாயிரம். ஐந்தாம் வகுப்புப் பிள்ளை போடும் கணக்கு. இத்தனை எஞ்சின் வேண்டும் என்று தெரிந்த பிறகும் வாடிக்கையாளரை வரிசையில் நிற்க வைத்தால் அதற்குப் பெயர் தட்டுப்பாடு அல்ல, முன்னுரிமை. அதே 6.2 லிட்டர் எஞ்சினோடு புது வண்டி விற்பனை நிற்கவில்லை. ஆலையை விட்டு வரும் ஓர் எஞ்சினைப் புது வண்டியில் பொருத்தினால் வருமானம், பழுதான வண்டியில் பொருத்தினால் செலவு. அது எந்தப் பக்கம் உருளும் என்று சொல்ல ஜோசியர் வேண்டுமா?

பணமில்லை என்று மட்டும் சொல்லிவிடக் கூடாது. 2023 நவம்பரில் 1,000 கோடி டாலர், 2024 ஜூனில் 600 கோடி, 2025 பிப்ரவரியில் மேலும் 600 கோடி. இவையெல்லாம் தன் பங்குகளைத் தானே திரும்ப வாங்கிக்கொள்ள இந்த நிறுவனம் அறிவித்த தொகைகள். பங்கைத் திரும்ப வாங்கக் காசு உண்டு, பேக்ஆர்டர் இல்லை. தலைமை நிர்வாகி மேரி பார்ராவின் 2024ஆம் ஆண்டு ஊதியத் தொகுப்பு ஏறத்தாழ 2.95 கோடி டாலர். அதுவும் "அடுத்த மாதம் பார்க்கலாம்" என்று தள்ளிப்போனதாகத் தெரியவில்லை.

இதே நிறுவனம் 2009இல் திவாலாகித் தெருவில் நின்றது. அப்போது அமெரிக்க அரசு கிட்டத்தட்ட 4,950 கோடி டாலரைக் கொட்டித் தூக்கி நிறுத்தியது. அதில் 1,000 கோடிக்கு மேல் திரும்பவே இல்லை. அது வரி கட்டியவன் பணம். அவன் அன்று "உதவி பேக்ஆர்டரில் இருக்கிறது" என்று சொல்லியிருந்தால் இன்று கம்பெனியும் இல்லை, எஞ்சினும் இல்லை.

அவனே இந்த வண்டியை வாங்கியிருந்தால் அவனுக்கு இப்போது என்ன கிடைக்கிறது? ஓடாத வண்டிக்கு மாதாமாதம் கடன் தவணை, காப்பீடு. டிரெய்லர் இழுத்துப் பிழைக்கும் சிறு ஒப்பந்தக்காரனுக்கு இதற்கு மேல் போன வேலையின் கூலியும் நட்டம். இந்த நிறுவனத்தின் செவ்ரோலெ வண்டிக்கு வழக்கமான எஞ்சின் வாரண்டி 5 ஆண்டு அல்லது 60,000 மைல், எது முந்துகிறதோ அதுவரை. பணிமனையில் கிடக்கும் வண்டி மைல் ஓடாது, அந்த வகையில் மிச்சம்தான். ஆண்டுகள் மட்டும் ஓடிக்கொண்டிருக்கும். பல மாநிலங்களில், வண்டி மொத்தம் 30 நாள் பணிமனையில் கிடந்தால் பணத்தைத் திருப்பிக் கேட்கச் சட்டம் இருக்கிறது. பெரும்பாலும் வண்டி புதிதாக இருக்கும் முதல் ஒன்றிரண்டு ஆண்டுகளுக்குத்தான். மூன்றாம் ஆண்டில் எஞ்சின் போனவன் சட்டத்தையும் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்க்கலாம்.

இவ்வளவு கோளாறுக்கும் ஒரே ஒரு வரி போதும். வாரண்டித் தாளில் அதைச் சேர்க்க வைக்கட்டும் சட்டம்: "உதிரிபாகம் இல்லாமல் வண்டி எங்கள் பணிமனையில் நிற்கும் ஒவ்வொரு மாதத்துக்கும் கடன் தவணை எங்களுடையது." மை காய்வதற்குள் பாருங்கள், இல்லாத எஞ்சின்கள் எந்தக் கிடங்கிலிருந்தெல்லாம் கிளம்பி வருகின்றன என்று!