கியாரா என்னும் புளிமா

நம் காலத்துப் பெண் குழந்தைகளின் பெயர்களை ஆராயப் புகும் எவரும் முதலில் 'ஷி' என்ற எழுத்தில்தான் தடுக்கி விழுவார். அதற்கு முன்னால் ஏதேனும் ஓர் எழுத்தையும் பின்னால் ஒரு 'கா'வையும் வைத்தால் பெயர் தயார். யாஷிகா, தன்ஷிகா, ஹர்ஷிகா என்று அது பாட்டுக்கு வந்துகொண்டே இருக்கும். அங்கே ஆய்வுக்கு வேலையில்லை. அது உற்பத்தித் துறை. இக்கட்டுரை எடுத்துக்கொண்ட பெயர் வேறு ரகம். கிரந்த எழுத்து ஒன்றுகூட இல்லாமல் தமிழ் நெடுங்கணக்குக்குள் அடங்கிவிடும், ஆனாலும் கேட்ட மாத்திரத்தில் "இது எந்த ஊருப் பேருங்க?" என்று கேட்கவைக்கும். கியாரா.

இலக்கணச் சோதனையிலிருந்து தொடங்குவதே மரபு. மொழிமுதல் எழுத்துகளுக்குத் தொல்காப்பியர் விதித்த கட்டுப்பாடுகளை இன்றைய மழலையர் பள்ளியின் வருகைப் பதிவேட்டில் செயல்படுத்தினால் பாதி வகுப்பு வெளியே நிற்கும். ரியாவுக்கும் லயாவுக்கும் வாசலிலேயே தடை. ரகரமும் லகரமும் சொல்லுக்கு முதலாகா. சஞ்சனாவுக்கும் இடமில்லை, சகரம் அகரத்தோடு சேர்ந்து முதலில் வராது என்பது அவர் கட்சி. நன்னூலார்தான் பிற்பாடு மனமிரங்கி உள்ளே விட்டார். கியாராவோ ககரத்தில் தொடங்குகிறது. ககரம் பன்னிரண்டு உயிரோடும் முதலாகும். ஈற்றில் ஆகாரம், அதற்கும் தடையில்லை. வந்தேறிப் பெயர் ஒன்று ஒரு விதியையும் மீறாமல் நிமிர்ந்து நடந்து உள்ளே போய்விட்டது.

அசை பிரித்தால் 'கியா' நிரை, 'ரா' நேர், ஆகப் புளிமா. வெண்பாவின் ஈற்றுச் சீரைத் தவிர எங்கு வேண்டுமானாலும் அமரும். ஆனால் மாச்சீருக்குப் பின் நிரை வரவேண்டும் என்பதால், "கியாரா, இங்கே வா" என்று கூப்பிட்டால் தளை தட்டும். "கியாரா, எழுந்திரு" என்றால் தட்டாது. காலையில் பள்ளிக்கு எழுப்பும் தாய்மார் இதைக் கவனிக்க வேண்டும்.

மாத்திரைக் கணக்கில் ஒரு சிக்கல் உண்டு. கி ஒன்று, யா இரண்டு, ரா இரண்டு, ஆக ஐந்து. ஆனால் யா-வுக்கு முன் நிற்கும் இகரம் குறுகும் வழக்கம் தமிழில் உண்டே! 'கேண்மியா' என்பதில் 'மி' குறுகி அரை மாத்திரையாகிக் குற்றியலிகரம் ஆகிறது. அந்தச் சலுகையைக் 'கி'க்கும் நீட்டினால் குழந்தையின் பெயர் நாலரை மாத்திரையாகிவிடும். தொல்காப்பியர் மகரத்தை மட்டும் சொன்னாரே தவிரக் ககரத்தைச் சொல்லவில்லை. பிறந்த குழந்தையிடமிருந்து அரை மாத்திரையைப் பிடுங்குவது அழகல்ல என்பதால் ஐந்து என்றே கொள்வோம்.

இனிப் பிறப்பிடம். மூன்று கட்சிகள் சாத்தியம். ஒன்று கரிசல் கட்சி. இடைசெவலில் பிறந்து, கரிசல் வட்டார வழக்கு அகராதி தொகுத்து, 2021-இல் மறைந்த கி. ராஜநாராயணனைத் தமிழுலகம் 'கி.ரா.' என்றே அழைத்தது. அந்தக் கி-க்கும் ரா-வுக்கும் நடுவில், 'வாய்யா, போய்யா' என்று தெற்கத்திப் பேச்சில் ஒட்டும் 'யா' புகுந்து கியாரா ஆயிற்று என்பது இக்கட்சியின் வாதம். கேட்க இனிக்கிறது, ஆதாரம்தான் இல்லை. தவிர, கி.ரா.வின் முழுப்பெயர் ஸ்ரீ கிருஷ்ண ராஜ நாராயணப் பெருமாள் ராமானுஜ நாயக்கர் என்று ஒரு தெரு நீளம் போகும். அதை ஒரு பெண் குழந்தைக்காக இவ்வளவு சுருக்குவது நியாயமாகாது. இரண்டாவது கட்சி, அனந்தபூர்ப் பக்கம் தொழிற்சாலை வைத்திருக்கும் கொரியக் கார் நிறுவனத்தைக் காட்டுவது. பெயர் காரைவிட மூத்தது என்பதால் இதுவும் தள்ளுபடி.

மூன்றாவது கட்சி இத்தாலிக்குப் போகிறது. அங்கேதான் சரக்கு இருக்கிறது. லத்தீனில் 'கிளாரா' என்றால் ஒளியுள்ளவள், தெளிவானவள். லத்தீன் சொற்களின் தொடக்கத்தில் ககரத்தை ஒட்டி நின்ற லகரத்தை இத்தாலியர் யகரமாக்கிவிட்டார்கள். சாவிக்கு லத்தீனில் 'கிளாவிஸ்', இத்தாலியில் 'கியாவே'. கூப்பிடுவதற்கு அங்கே 'கிளாமாரே', இங்கே 'கியாமாரே'. (நம் வீட்டுச் சாவியும் அதே கிளாவிஸ்தான், போர்த்துகீசியர் கையிலிருந்து வந்தது.) இந்த விதிப்படி கிளாரா கியாரா ஆனாள். இதைக் கேட்டு யாரும் வியக்கத் தேவையில்லை. வாழைப்பழத்தை 'வாயப்பயம்' என்று விற்கும் சென்னைத் தள்ளுவண்டிக்காரரும் நாக்குக்குச் சிரமம் தராத அதே காரியத்தைத்தான் செய்கிறார். ரோமாபுரி லகரத்தில் செய்ததை ராயபுரம் ழகரத்தில் செய்தது.

ஆகவே கியாரா என்பது கிளாரா. தூத்துக்குடி, நாகர்கோவில் பக்கம் இது புதுமைப் பெயரே அல்ல. கணக்கு வாத்தியாரம்மா பெயர். 1253-இல் மறைந்த அசிசி நகரத்துப் புனித கிளாராவின் இத்தாலியப் பெயர் கியாரா. அமெரிக்காவில் நம் மென்பொருள் பிள்ளைகள் குடியேறிய சாண்டா கிளாரா ஊருக்கும் அவர் பெயர்தான். நோயுற்றுப் படுத்திருந்தபோது, தொலைவில் நடந்த திருப்பலியைத் தம் அறைச் சுவரிலேயே கண்டார் என்று சொல்வதை வைத்து, 1958-இல் போப்பாண்டவர் பன்னிரண்டாம் பயஸ் அவரைத் தொலைக்காட்சியின் பாதுகாவலர் ஆக்கினார். இப்பெயர் தமிழ் வீடுகளுக்குள் எந்தப் பெட்டி வழியாக நுழைந்தது என்பதை அறிந்தவர்கள் இதைத் தற்செயல் என்று சொல்ல மாட்டார்கள்.

நுழைந்த கதை சுருக்கமானது. 1998-இல் வந்த 'லயன் கிங்' இரண்டாம் பாகத்தில் சிம்பா என்னும் சிங்கராஜாவின் மகள் பெயர் கியாரா. பெயர்ப் பட்டியல்களில் 'இளவரசி' என்றொரு பொருள் தென்படுமானால் அது அந்தச் சிங்கக்குட்டியின் உபயமாகவே இருக்கவேண்டும். பிறகு 2010-இல் 'அஞ்சானா அஞ்சானி' என்ற இந்திப் படத்தில் பிரியங்கா சோப்ராவின் பாத்திரம் கியாரா. ஆலியா அத்வானி என்ற இளம்பெண் நடிக்க வந்தபோது ஆலியா பட் ஏற்கெனவே களத்தில் இருந்ததால், இந்தப் பாத்திரத்தின் பெயரை எடுத்துக்கொண்டு 2014-இல் கியாரா அத்வானியாகத் திரைக்கு வந்தார். வேடிக்கை இதோடு முடியவில்லை. 2016-இல் 'டியர் ஜிந்தகி'யில் ஆலியா பட் ஏற்ற பாத்திரத்தின் பெயர் கைரா. ஆங்கிலத்தில் அதே ஐந்தெழுத்து, இரண்டு இடம் மாறியிருக்கும். கைரா என்பது குஜராத்தில் ஒரு மாவட்டத்தின் பழைய பெயரும்கூட. 1946-இல் அங்கே தொடங்கிய பால் கூட்டுறவுச் சங்கம்தான் அமுல். ஆகப் பிறப்புச் சான்றிதழில் எழுத்து இடம் மாறினால் ஒளி பாலாகிவிடும்.

பரவலை அளக்க ஒரு கருவி போதும். பிறந்தநாள் கேக்கில் பெயர் எழுதும் பேக்கரிப் பையன் "எப்படி சார் எழுதணும், சொல்லுங்க" என்று கேட்டால் பெயர் இன்னும் அரிது. கேட்காமல் எழுதிவிட்டால் பரவிவிட்டது. கியாரா இப்போது அவன் ஒரு கணம் கையை நிறுத்தி யோசிக்கும் கட்டத்தில் இருக்கிறது.

சோதிடர்களுக்கும் இதில் பங்குண்டு. 27 நட்சத்திரம், ஒவ்வொன்றுக்கும் நாலு பாதம், ஆக 108 எழுத்துகள். மிருகசீரிடத்துக்கு வே, வோ, கா, கி. நாலாம் பாதத்தில் பிறந்தால் 'கி'. கிருஷ்ணவேணியையும் கிரிஜாவையும் ஒதுக்கிவிட்டு 'கி'யில் தேடுகிற பெற்றோர் வேறு எங்கே போவார்கள்? அடுத்து எண் கணிதம். கீரோ முறைப்படி ஆங்கிலத்தில் கே 2, ஐ 1, ஏ 1, ஆர் 2, ஏ 1, கூட்டினால் 7. கேது. சரி, உச்சரிப்புத் தெளிவாகட்டும் என்று நடுவில் ஒரு 'ஒய்' சேர்த்தால் 8, சனி பகவான். பயந்துபோய் அதை எடுத்துவிட்டுக் கடைசியில் இன்னொரு 'ஏ' போட்டாலும் 8. பதிலாக ஓர் 'எச்' போட்டால் 12, அதாவது 3, குரு. நம் பக்கம் பெயர்களின் வாலில் தொங்கும் 'எச்' எல்லாம் எங்கிருந்து வந்தன என்பது இப்போது விளங்கும்.

இந்தக் கீரோ 1866-இல் பிறந்த ஐரிஷ்காரர். அவருடைய நாட்டிலும் இப்பெயர் உண்டு. சீ, ஐ, ஏ, ஆர், ஏ என்று எழுதுவார்கள். அவர் முறையிலேயே கூட்டினால் 8. அந்த 8-ஐ வைத்துக்கொண்டு ஐரிஷ் பெண்கள் நன்றாகத்தான் இருக்கிறார்கள்.

ஐர்லாந்துக்கு வந்துவிட்டோம், ஆய்வின் இடறல் கல் இங்கேதான். அங்கே அதன் உச்சரிப்பு 'கீரா'. அடிச்சொல்லின் பொருள் கருமை. கெர்ரி மாவட்டத்தின் பெயருக்கே, கருப்பன் என்று பொருள்படும் பெயர்கொண்ட ஒருவனின் வழிவந்த மக்கள் என்பதுதான் பொருள். ஆண்பாலில் 'கீரான்'; ஆறாம் நூற்றாண்டில் ஷானன் ஆற்றங்கரையில் மடம் நிறுவிய துறவியின் பெயர் அது. இந்த இடத்தில் நக்கீரனை உள்ளே இழுக்காமல் இருக்க இக்கட்டுரையாளர் பட்ட பாடு கொஞ்சமல்ல. 'கார்' என்ற தமிழ்ச் சொல்லே கப்பலேறிப் போய்க் 'கீர்' ஆயிற்று என்று நிறுவவும் ஆசைதான். ஒலியும் பொருளும் ஒத்தால் போதும், நடுவில் கிடக்கும் கண்டங்கள் கணக்கில் வாரா என்ற முறையியலில் நூல்களே வந்திருக்கின்றன. இருந்தாலும் அடக்கிக்கொள்வோம்.

ஒரே பெயர்; இத்தாலியில் ஒளி, ஐர்லாந்தில் கருப்பு. எந்தப் பொருள் தமிழ்நாட்டில் செல்லும்? களச்சான்று ஒன்று. மதுரைப் பக்கம் ஒரு பெயர் சூட்டு விழா. தாம்பாளத்தில் பரப்பிய பச்சரிசியில் அப்பா விரலால் பெயரை எழுதுகிறார். அரிசி சரிந்து 'கி'யின் மேல்விலங்கு அழிய, 'கயாரா' ஆகிறது, திரும்ப எழுதுகிறார். அப்பத்தா எட்டிப் பார்க்கிறார்.

"என்ன பேருடா அது?"

"கியாரா, அம்மா."

"கீராவா?"

"கீரா இல்லம்மா. கி-யா-ரா."

"அதைத்தானடா நானும் சொல்றேன், கீரா. என்ன அர்த்தமாம்?"

"வெளிச்சம்னு போட்டிருக்கு."

"எங்காத்தா பேரு கருப்பாயி. அதைச் சொன்னா பிள்ளை காதுல ஏறாதாக்கும்?"

"ஸ்கூல்ல சிரிப்பாங்கம்மா."

அத்தை குழந்தையின் காதில் மூன்று முறை "கியாரா" என்றார். சாயங்காலத்துக்குள் வீட்டில் 'கீரா' நிலைத்துவிட்டது. பக்கத்து வீட்டுப் பொடியன் அதைக் 'கீரை' ஆக்கியது தனி ஆய்வுக்குரியது.

இச்சான்றை நிறுத்துப் பார்த்தால் முடிவு ஒன்றுதான். மகன் பேசியது இத்தாலி, அம்மா பேசியது சுத்தமான ஐரிஷ். பழகும் பெயரே பெயர் என்ற நியாயப்படி, வீட்டில் வழங்கும் வடிவம் கீரா. கீராவின் பொருள் கருப்பாயி. கொள்ளுப்பாட்டியின் பெயரை வாசல் வழியே அனுப்பிவிட்டு, அதையே எண் கணிதக்காரருக்குத் தட்சிணை கொடுத்துக் கொல்லை வழியே வாங்கி வந்திருக்கிறார்கள். எனவே கியாரா என்பது கருப்பாயியின் ஏற்றுமதி ரகம் என இக்கட்டுரை தீர்ப்பளிக்கிறது. மேல்முறையீடு செய்ய விரும்புவோர் அப்பத்தாவிடம் செய்துகொள்ளலாம்.

இன்னும் முடிவெடுக்காத பெற்றோருக்கு ஒரு தகவல். பிறப்பை 21 நாளுக்குள் பதிந்துவிட வேண்டும். பெயர் இல்லாமலும் பதியலாம். பெயரை 12 மாதம் வரை கட்டணமின்றியும், அதன்பின் 15 ஆண்டு வரை தாமதக் கட்டணம் கட்டியும் சேர்க்கலாம். அதற்குள் வீட்டுப் பெரியவர்களை ஒரு தரம் அந்தப் பெயரைச் சொல்லச் சொல்லிக் கேட்டுவிடுங்கள்.