மிஸ்டர் அய்யனார் எடுத்த வகுப்பு

பாஸ்போர்ட் விண்ணப்பத்தில் ‘சர்நேம்’ என்றொரு கட்டம் உண்டு. புதுக்கோட்டைப் பக்கம் நமக்கு இருப்பது இனிஷியல் மட்டும்தான். கீரமங்கலத்துக் கம்ப்யூட்டர் சென்டர் தம்பி, “அப்பா பேரைப் போட்டுருவோம்ணே, எல்லாரும் அதான் போடுறாங்க” என்று தட்டிவிட்டார். அப்பாவுக்கு வைத்திருப்பது சாமி பெயர். ஆக, குளமங்கலத்தில் மாசிமகத்தன்று தன் பெரிய குதிரைச் சிலையே மூடும் அளவுக்குக் காகிதப்பூ மாலை வாங்கிக்கொள்கிறாரே, அந்த அய்யனார் என் பாஸ்போர்ட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டார்.

நான் சாஃப்ட்வேர் ட்ரெய்னர். கம்பெனிகள் வாங்கும் கணக்கு சாஃப்ட்வேரை அங்கே போய்ச் சொல்லிக்கொடுப்பது வேலை. சிங்கப்பூரில் வகுப்பு வாசலிலேயே கழுத்தில் ஒரு அட்டையை மாட்டினார்கள். கொட்டை எழுத்தில் ‘மிஸ்டர் அய்யனார்’.

“மிஸ்டர் அய்யனார், இன்வாய்ஸை எப்படி கேன்சல் செய்வது?”

“மிஸ்டர் அய்யனார், என் ஸ்கிரீன் நின்றுவிட்டது.”

எங்கள் ஊரில் அய்யனாரிடம் மழை கேட்பார்கள், பிள்ளைவரம் கேட்பார்கள். பாஸ்வேர்ட் மறந்துபோய் யாரும் வந்து நின்றதில்லை. அப்பாவோ திருச்சியைத் தாண்டியதில்லை. அங்கே போவதும் கண் ஆஸ்பத்திரிக்குத்தான்.

டீ இடைவேளையில் விளக்கம் சொல்லிப் பார்த்தேன். சீனப் பெண்மணிக்குப் பிடிபடவில்லை. அவர்களுக்குக் குடும்பப் பெயர் முன்னாலேயே வந்துவிடும். பக்கத்திலிருந்த மலாய்க்காரர் பட்டென்று புரிந்துகொண்டார். அவர்களும் தங்கள் பெயர், ‘பின்’, பிறகு அப்பா பெயர் என்று எழுதுகிறவர்கள். பர்மாக்காரர் ஒருவர், தங்களுக்கு இரண்டுமே கிடையாது என்று சிரித்தார். மறுபடி உட்கார்ந்தால் அடுத்த பாடம், புது ஊழியரைப் பதிவு செய்வது. ‘சர்நேம்’ கட்டத்தின் பக்கத்தில் சிவப்பு நட்சத்திரம். நிரப்பாமல் நகர முடியாது. மூன்று பேரும் என்னையே பார்த்தார்கள். “ஒரு புள்ளி வையுங்கள்” என்றேன். பாடப்புத்தகத்தில் இல்லாத வைத்தியம், ஆனால் கேட்டது.

அந்தக் கட்டம் நமக்குக் காலியானதற்குக் காரணம் இருக்கிறது. 1929-ல் செங்கல்பட்டில் நடந்த சுயமரியாதை மாநாட்டில், பெயருக்குப் பின்னால் இருக்கும் சாதிப் பட்டத்தை விட்டுவிடத் தீர்மானம் போட்டார்கள். நல்ல காரியம். இப்படியொரு சிவப்பு நட்சத்திரம் வரும் என்று அவர்கள் கண்டார்களா! எங்கள் புதுக்கோட்டை ராஜா மார்த்தாண்ட பைரவத் தொண்டைமானுக்கு இந்தத் தொல்லையே இருந்திருக்காது, பட்டம் கூடவே வந்தது. 1915-ல் ஆஸ்திரேலியா போனவர் மெல்பர்னில் மாலி ஃபிங்க் என்ற பெண்ணைக் கல்யாணம் செய்துகொண்டார். அடுத்த வருஷம் சிட்னியில் பிறந்த மகனின் பெயரிலேயே சிட்னியைச் சேர்த்துவிட்டார். அந்த வழக்கப்படி பார்த்தால் நான் இன்றைக்கு கீரமங்கலம் அய்யனாராக இருக்க வேண்டியவன்.

சிங்கப்பூரில் அந்நியம் தெரியாத இடம் சாப்பாட்டுக்கடைதான். ஹாக்கர் சென்டரில் காலி மேசை மேல் ஒரு டிஷ்யூ பாக்கெட் கிடந்தால் அது யாரோ பிடித்து வைத்த இடம், தொடமாட்டார்கள். புதுக்கோட்டை பஸ் ஸ்டாண்டில் ஜன்னல் வழியாகத் துண்டு போடுவோமே, அதே சட்டம். நம்மூரில் துண்டை எடுத்துக் கீழே போட்டுவிட்டு உட்காரவும் ஆள் உண்டு என்பதுதான் வித்தியாசம்.

கடைசி நாள் கருத்துப் படிவம் வாங்கினார்கள். ‘மிஸ்டர் அய்யனார் மிகவும் பொறுமையானவர்’ என்று பாதிப்பேர் எழுதியிருந்தார்கள். வீட்டில் யாரும் அப்பாவைப் பற்றி இப்படிச் சொன்னதில்லை. போட்டோ எடுத்து அனுப்பி, தங்கச்சியை விட்டுப் படித்துக்காட்டச் சொன்னேன். உடனே போன் வந்தது.

“ஏப்பா, பாடம் எடுத்தது என் பேருல. சம்பளம் மட்டும் எப்படி உன் அக்கவுண்ட்டுக்குப் போகுது?”