பிள்ளையார் நிறுத்திய வண்டி

எங்கள் வீட்டு ஸ்கூட்டருக்கு அப்பா பணம் கட்டியது 1974-ல். அப்போது அவர் பிரம்மச்சாரி. வண்டி வந்தது 1983-ல். கடையிலிருந்து ஆரப்பாளையம் வீட்டுக்கு அது முதன்முதலாக ஓடி வந்தபோது பின்சீட்டில் அம்மா. முன்னால் நின்றபடி ஏழு வயது நான். எந்தக் கம்பெனி வருஷத்துக்கு எத்தனை வண்டி செய்யலாம் என்று டெல்லி லைசென்ஸ் போட்டுத் தீர்மானித்த காலம் அது. ஒன்பது வருஷம் காத்திருந்து வாங்கிய பொருளைக் குறை சொல்ல யாருக்கு மனசு வரும்? காலையில் வண்டி கிளம்பாவிட்டால் "ஸ்டார்ட் ஆகலை" என்று வீட்டில் யாரும் சொல்ல மாட்டோம். "இன்னும் குளிர் விடலை" என்போம். மதுரையில், மே மாதத்தில்.

குளிர் விட வைக்க ஒரு முறை உண்டு. பெட்ரோல் குழாயைத் திறக்க வேண்டும். சோக்கை இழுக்க வேண்டும். பிறகு குழந்தையைச் சாய்த்துச் சங்கில் மருந்து புகட்டுவதுபோல மொத்த வண்டியையும் ஒரு பக்கமாகச் சாய்த்துப் பிடிக்க வேண்டும். கார்புரேட்டருக்குள் பெட்ரோல் இறங்கும். நிமிர்த்தி உதைத்தால் நாலாவது உதையில் இருமும், ஏழாவதில் பிடிக்கும். பிடித்ததும் தெருவே புகையில் மறையும். டூ ஸ்ட்ரோக் வண்டி. லிட்டருக்கு 20 மில்லி ஆயில் கலந்த பெட்ரோல்தான் அதன் ஆகாரம். பங்கில் ஊற்றுகிறவர் கை கொஞ்சம் தாராளமாக இருந்துவிட்டால் மறுநாள் பிளக்கில் கரி.

பதினைந்து உதைக்கும் மசியாவிட்டால் அப்பா சட்டைக் கையை மடிப்பார். பிளக் ஸ்பேனர், உப்புத்தாள், கிழிந்த பனியன் துணி மூன்றும் டூல் பாக்ஸில் எப்போதும் இருக்கும். பிளக்கைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்து, ஜாதகம் பார்ப்பதுபோலப் பார்ப்பார். "நனைஞ்சிருந்தா பெட்ரோல் வருது, நெருப்பு வரலை. காஞ்சிருந்தா பெட்ரோலே வரலை. கரி பிடிச்சா ஆயில் ஜாஸ்தி. வெளுத்துப் போனா பெட்ரோல் கம்மி, காத்து ஜாஸ்தி. செங்கல் நிறமா இருந்தா ஆரோக்கியம்." வாய்ப்பாட்டுக்கு முன்னால் எனக்கு இது மனப்பாடம். அப்புறம் பிளக்கை வயரில் செருகி, அதன் உலோக உடம்பு இன்ஜினில் படும்படி என்னைப் பிடிக்கச் சொல்லி உதைப்பார். முனையில் நீலமாக ஒரு பொறி தெறித்தால் நல்லது. பொறி பிளக்கில் இல்லாமல் என் தோள்பட்டையில் தெறித்த நாட்களும் உண்டு. "கரண்ட் வருது," என்பார் திருப்தியாக.

கிளம்பாத வண்டியின் கதை இது. கிளம்பிய பிறகு நின்றுபோன வண்டியின் கதை வேறு.

1985-ல் என்று நினைவு. அப்பாவின் அலுவலகம், அம்மா டீச்சராக இருந்த பள்ளி, அதே பள்ளியில் நான் என்று மூன்றுமே தல்லாகுளம் பக்கம். வைகையைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போனதும் ஒரு தெருமுனைப் பிள்ளையார். சரியாக அவர் எதிரில் வண்டி திணறும், விக்கும், நின்றுவிடும். ஒரு நாள் இல்லை, இரண்டு நாள் இல்லை, பதினைந்து நாள். சில நாள் பத்தடி முன்னால், சில நாள் டீக்கடை தாண்டி. அந்த வித்தியாசத்தையெல்லாம் அம்மா கணக்கில் எடுக்கவில்லை. "அவரைப் பார்க்காமப் போறோம். நிறுத்துறார்," என்றாள்.

அப்பா பகுத்தறிவுக்காரர். ரிசர்வுக்குத் திருப்பிப் பார்ப்பார், பலிக்காது. உடனே வண்டியை ஸ்டாண்டில் போட்டு பிளக்கைக் கழற்றுவார். அது கரியில்லாமல், காய்ந்து, ஒழுங்காகவே இருக்கும். அதையும் விடாமல் உப்புத்தாளில் தேய்ப்பார். அங்கே அம்மா சூடம் ஏற்றி, தலையில் குட்டி, தோப்புக்கரணம் போட்டு வருவாள். இரண்டு பூஜையும் முடியப் பத்து நிமிஷம். அப்பா உதைப்பார், முதல் உதையிலேயே பிடித்துக்கொள்ளும். "பிளக்தான்," என்பார் அவர். "பிள்ளையார்தான்," என்பாள் அவள். இருவரிடமும் ஆதாரம் இருந்தது. எனக்கு மட்டும் தினமும் ஸ்கூலில் வாசலில் நிற்கும் தண்டனை.

கடைசியில் ஒரு நாள், நின்ற இடத்திலேயே தெரு மெக்கானிக் ஒருவர் அகப்பட்டார். உதைக்கவில்லை, எதையும் கழற்றவில்லை.

"பிளக் ஈரமா இருந்துச்சா சார், காஞ்சிருந்துச்சா?"

"காஞ்சுதான் இருந்துச்சுப்பா."

"அப்பப் பெட்ரோல் வரலைன்னுல்ல அர்த்தம்?"

அப்பா முகத்தைப் பார்க்க வேண்டுமே. எனக்குச் சொல்லிக் கொடுத்த பாடம், அவருக்கு மறந்துவிட்டது. மெக்கானிக் சீட்டைத் தூக்கி டேங்க் மூடியைத் திருகினார். 'உஸ்ஸ்' என்று ஒரு பெருமூச்சு. மூடியில் காற்று போக ஒரு பொடித் துளை இருக்கிறது. அது அழுக்கில் அடைத்துவிட்டது. பெட்ரோல் இறங்க இறங்க அந்த இடத்துக்குக் காற்று உள்ளே வர வேண்டும். வராவிட்டால் டேங்க் பெட்ரோலைக் கீழே விடாது. ஒன்றரை, இரண்டு கிலோமீட்டரில் கார்புரேட்டர் வறண்டுவிடும். பத்து நிமிஷம் சும்மா விட்டால் காற்று கசிந்து கசிந்து உள்ளே போய்விடும், வண்டியும் கிளம்பிவிடும். உப்புத்தாளோ சூடமோ தேவையில்லை. வேடிக்கை பார்த்தாலே போதும்.

"அக்கா, ஊக்கு இருக்கா?"

அம்மா தாலிச் சங்கிலியில் கோத்திருந்த ஊக்கு ஒன்றைக் கழற்றிக் கொடுத்தாள். இரண்டு குத்து, துளை திறந்தது. மறுநாள் வண்டி பிள்ளையாரை நிற்காமல் கடந்தது. அப்பா ஒன்றும் பேசவில்லை. அம்மா திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

இப்போது என்னிடம் இருப்பது உதைக்கவே வழியில்லாத ஸ்கூட்டர். 2020 ஏப்ரலில் பிஎஸ்-6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதி வந்ததும் பெரும்பாலான ஸ்கூட்டர்களிலிருந்து கார்புரேட்டர் போய்விட்டது. எவ்வளவு காற்று, எவ்வளவு பெட்ரோல் என்பதை ஈசியூ என்ற சின்னப் பெட்டி சென்சார்களிடம் விசாரித்து முடிவு செய்கிறது. சோக் இல்லை, சாய்ப்பது இல்லை, புகை இல்லை. பட்டனைத் தொட்டால் ஓடுகிறது. இது முன்னேற்றம் இல்லை என்று சொல்கிறவரைப் பதினைந்து உதை உதைக்கச் சொல்ல வேண்டும்.

போன மாதம் ஒரு காலை பட்டனைத் தொட்டேன், ஓடவில்லை. எனக்குள் இருந்த அப்பா சட்டைக் கையை மடித்தார். ஹாரன் அடித்தேன், பேட்டரி நன்றாக இருக்கிறது. பெட்ரோல் முக்கால் டேங்க். பிளக்கைப் பார்க்கலாம் என்று குனிந்தேன். எந்தப் பக்கம் பார்த்தாலும் பிளாஸ்டிக். அரை மணி நேரம் வண்டியைச் சுற்றி வந்துவிட்டு, மானத்தை விட்டு உதவி எண்ணுக்குப் போன் போட்டேன்.

"பிரேக்கைப் பிடிச்சுக்கிட்டு பட்டனை அமுக்கினீங்களா சார்?"

"ஆமாம்."

"சிவப்பு ஸ்விட்ச் ஆன்ல இருக்கா சார்?"

"இருக்கு."

"சைடு ஸ்டாண்ட் எடுத்துட்டீங்களா சார்?"

குனிந்து பார்த்தேன். அது காலை நீட்டி சாவகாசமாக நின்றுகொண்டிருந்தது. அன்று நாங்கள் வண்டியைச் சோதித்தோம். இன்று வண்டி என்னைச் சோதித்து, தேறினால்தான் கிளம்புகிறது. "சிக்னல் சரியா இல்லை, அப்புறம் பேசறேன்," என்று போனை வைத்தேன்.

போன வாரம் அம்மாவைப் பின்னால் உட்காரவைத்து அந்தப் பழைய வழியில் போனேன். பிள்ளையார் இருக்கிறார், பக்கத்தில் இப்போது சிக்னல். சிவப்பு விழுந்தது, நின்றேன். சில நொடிகளில் இன்ஜின் தானாக அணைந்தது.

"தம்பி, நின்னுருச்சா?"

"இல்லம்மா, சிக்னல்ல தானா ஆஃப் ஆகும். பெட்ரோல் மிச்சம். இதுக்குன்னே கூடக் காசு கொடுத்து வாங்கியிருக்கேன்."

"உங்கப்பா வண்டி இதைச் சும்மாவே செஞ்சுச்சே," என்றாள் அம்மா. பிறகு பிள்ளையார் பக்கம் திரும்பி, ஹெல்மெட்டின் மேலேயே இரண்டு குட்டு குட்டிக்கொண்டாள். பச்சை விழுந்தது. முறுக்கினேன், பிடித்துக்கொண்டது.