மை, மழை, மே தினம்

பெரிய பிரின்டர், பெனர், மை பற்றி மலைநாட்டு வாசகர்கள் கேட்டவை.

கேள்வி: தேயிலைக் கொழுந்துப் படம் கணினித் திரையில் கண்ணைப் பறிக்கிறது. பெனரில் அடித்தால் முற்றல் இலையாக வருகிறது. மெஷினில் கோளாறா?
– பெனர் கடை ஊழியர், தலவாக்கலை

மெஷின் பாவம். திரை, பச்சையை வெளிச்சமாகவே கொட்டுகிறது. உங்கள் மெஷினோ வெள்ளை பிளெக்ஸின் மேல் சயானையும் மஞ்சளையும் தெளித்து, அதில் பட்டுத் திரும்பும் வெளிச்சத்தில்தான் பச்சை காட்ட வேண்டும். திரையிலுள்ள பளீர்ப் பச்சைகள் பலவற்றை நான்கு மைகளால் எட்டவே முடியாது. படத்தை மைத் துளிகளாகப் பிரித்து மெஷினுக்கு அனுப்பும் ரிப் மென்பொருள், எட்டாத நிறத்தைக் கைக்கெட்டிய நிறத்துக்கு இறக்கிவிடுகிறது. நீங்கள் பார்த்தது அந்த இறக்கத்தைத்தான்.

ஆனாலும் கை கட்டி நிற்க வேண்டியதில்லை. கொழுந்து இருக்கும் இடத்தில் மெஜந்தா எவ்வளவு என்று பாருங்கள். பச்சைக்குள் மெஜந்தா கொஞ்சம் புகுந்தாலே இளங்கொழுந்து ஒரு மாதம் முற்றிவிடும். மெஜந்தாவையும் கறுப்பையும் குறைத்து மஞ்சளை ஏற்றுங்கள். சுற்றியுள்ள இலைகளைச் சற்று இருட்டாக்குங்கள். நடுவிலுள்ள கொழுந்து தானே எழுந்து நிற்கும். முழு பெனரை ஓட்டுவதற்கு முன் ஒரு சதுர அடி அடித்து, கடை வாசலுக்குக் கொண்டுபோய்ப் பகல் வெளிச்சத்தில் பாருங்கள். டியூப் லைட்டுக்குக் கீழே நல்ல பச்சையென்று தோன்றியது வெளியே வேறு மாதிரித் தெரியலாம்.

கேள்வி: பாதி பெனரைக் கொழும்பிலும் மீதியை ஹட்டனிலும் அடித்தோம். சேர்த்துக் கட்டினால் நிறம் சேரவில்லையே?
– இளைஞர் கழகச் செயலாளர், நோர்வூட்

மை வேறு, ரோல் வேறு, நிறப் புரொஃபைல் வேறு. சேராது. அடுத்த முறை ஒரே மெஷினில், ஒரே ரோலில், ஒரே நாளில் அடியுங்கள்.

கேள்வி: ஜனவரி மாதம் காலையில் அடிக்கும் முதல் பெனர் கோடு கோடாக வருகிறது. பத்து மணிக்கு மேல் தானாகச் சரியாகிறது. பேய் பிடித்திருக்கிறதா?
– கடை உரிமையாளர், நுவரெலியா

பிடித்திருப்பது குளிர். உங்கள் ஊர் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,868 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஜனவரி விடியலில் புல்லின் மேல் உறைபனி விழுவதும் உண்டு. இந்த மெஷின்களுக்குப் பொதுவாகச் சொல்லப்படும் அறை வெப்பநிலை 20 முதல் 28 டிகிரி. அதற்குக் கீழே போனால் மை தடிக்கிறது. தடித்த மையை நொசில் சரியாக வீசாது. துளி இடம் மாறி விழும், சில நொசில்கள் வீசாமலே விட்டுவிடும். கோடுகள் அப்படித்தான் வருகின்றன.

மை போத்தல்களை சிமெந்துத் தரையில் வைக்காதீர்கள். லொறியில் வந்து இறங்கிய ரோலை உடனே மாட்டாமல் ஓர் இரவு அறைக்குள் வையுங்கள். மெஷினையும் ஹீட்டரையும் வேலை தொடங்குவதற்கு அரை மணி நேரம் முன்பே போட்டுவிட்டு, நீங்கள் போய்ப் பிளேன்டீ குடியுங்கள்.

செய்யக்கூடாதது இரண்டு. குளிரில் வந்த கோட்டைப் பார்த்து, ரோல் நகரும் அளவைத் திருத்தாதீர்கள். அறை சூடேறியதும் அந்தத் திருத்தமே புதிய கோடாகிவிடும். ஹெட் கிளீனிங்கைத் திரும்பத் திரும்ப அமுக்காதீர்கள். கழிவுப் போத்தலுக்குள் போவதும் காசு கொடுத்து வாங்கிய மைதான்.

கேள்வி: தேர்த் திருவிழாவுக்கு அடித்த பெனரை விரித்தால் அம்மன் முகத்தில் வெள்ளைத் திட்டு. முகத்து மை பெனரின் பின்பக்கத்தில் ஒட்டியிருக்கிறது. தெய்வக் குற்றமா?
– கோயில் கமிட்டி உறுப்பினர், பொகவந்தலாவை

குற்றம், பிற்பகல் மூன்று மணிக்கு ஓர்டர் கொடுத்துவிட்டு ஐந்து மணி பஸ்ஸுக்கு பெனர் கேட்டவருடையது. கடைக்காரரும் பங்காளி: ஈரம் காயாத பெனரைச் சுருட்டிக் கொடுத்திருக்கிறார்.

தோட்டத்துக்காரர்களுக்கு இதைச் சொல்லித் தர வேண்டியதே இல்லை. தொழிற்சாலையில் பச்சைக் கொழுந்தை வாட்டுத் தட்டில் பரப்பிப் பத்துப் பன்னிரண்டு மணி நேரமும் அதற்கு மேலும் வைத்திருக்கிறார்கள். காற்றில் ஈரம் எவ்வளவு என்று பார்த்து நேரத்தைக் கூட்டுவார்கள், குறைப்பார்கள். லொறி காத்திருக்கிறது என்பதற்காக வாடாத கொழுந்தை ரோலரில் போடுவதில்லை. சொல்வென்ட் மையும் அதே மலைக் காற்றில்தான் காய வேண்டும். மழை நாளில் மெதுவாகவே காயும்.

அடுத்த காரணம், அளவுக்கு மீறிய மை. பின்னணி நல்ல கறுப்பாக வேண்டுமென்று நான்கு நிறங்களையும் நூறு நூறாகப் போடுகிறார்கள். மொத்தம் 400 சதவீதம். பிளெக்ஸ் அதைக் குடிக்காது. சயான் 60, மெஜந்தா 40, மஞ்சள் 40, கறுப்பு 100 என்று வைத்தால் மொத்தம் 240. கண்ணுக்கு அதே இருட்டு. ரிப்பில் மை வரம்புக்கான சோதனைப் பட்டை இருக்கும். அதை அடித்துப் பாருங்கள். ஓர் அளவுக்கு மேல் மை ஏறினாலும் நிறம் ஆழமாகாது. அந்த இடத்தில் வரம்பைக் கட்டுங்கள். ஹீட்டரை ஏற்றியே சமாளிக்கலாம் என்று நினைக்காதீர்கள். பிளெக்ஸ் நெளிந்து எழும்பும், ஓடுகிற ஹெட் அதில் இடிக்கும். பிறகு பெனர் விலையைப் பற்றியல்ல, ஹெட் விலையைப் பற்றித்தான் பேச வேண்டிவரும்.

ஸ்டிக்கருக்கு லேமினேஷன் போடுகிறவர்கள் இன்னும் ஒரு நாள் பொறுக்க வேண்டும். உள்ளே சிக்கிய சொல்வென்ட் பசையைக் கெடுத்து, ஓரத்தைச் சுருட்டிவிடும்.

கேள்வி: 4 பாஸ், 8 பாஸ் என்கிறார்களே, பள்ளிக்கூடப் பரீட்சையா?
– ஆசிரியை, கொட்டகலை

பரீட்சைதான், டீச்சர், எழுதுவது ஹெட். ஓர் அங்குல உயரமுள்ள ஹெட், 4 பாஸில் ஒவ்வொரு ஓட்டத்துக்கும் ரோலைக் கால் அங்குலம் நகர்த்துகிறது. 8 பாஸில் அரைக்கால் அங்குலம். அதாவது ஒரே இடத்தை எட்டு ஓட்டங்களில் கொஞ்சம் கொஞ்சமாக நிரப்புகிறது. ஒரு நொசில் அடைத்திருந்தாலும் மற்ற ஓட்டங்கள் அதை மறைத்துவிடும். நேரம் இரட்டிப்பு. ஒவ்வோர் ஓட்டத்துக்கும் இடையே மை காய்வதற்கு அவகாசம் கிடைப்பதால், ஈரமான ஊர்களுக்கு மெதுவான ஓட்டம் நிறத்துக்கும் நல்லது.

ரோட்டோரம் முப்பது அடி தள்ளி நின்று பார்க்கும் பெனருக்கு 4 பாஸ் போதும். கண்ணீர் அஞ்சலிக்கு வேண்டாம். அதைப் பக்கத்தில் நின்று, பெயர் பெயராக வாசிப்பார்கள். வேகத்துக்காகப் போகும்போதும் வரும்போதும் அடிக்க விட்டு, இரு திசைத் துளிகளும் ஒன்றின் மேல் ஒன்று விழாவிட்டால் சிறிய எழுத்துகளுக்கு நிழல் விழும். முதலில் பலியாவது மெய்யெழுத்தின் புள்ளி. புள்ளி கரைந்து ‘கணணீர் அஞசலி’ என்றாகிவிட்டால் செத்தவர் வீட்டில் யாரும் சிரிக்க மாட்டார்கள், தெருவில் சிரிப்பார்கள்.

கேள்வி: வாட்ஸ்அப்பில் அனுப்பிய படத்தை 10 அடி பெனரில் போட்டால் ஏன் கட்டம் கட்டமாக வருகிறது?
– மாப்பிள்ளையின் தம்பி, மஸ்கெலியா

சாதாரணமாக அனுப்பினால் வாட்ஸ்அப் படத்தைச் சுருக்கி, நீளப் பக்கத்தில் ஏறக்குறைய 1,600 புள்ளிகளாக்கிவிடும். 10 அடி என்றால் 120 அங்குலம். வகுத்துப் பாருங்கள்: அங்குலத்துக்கு 13 புள்ளிதான் மிஞ்சும். மேடை பெனருக்கு 60, 70 இருந்தாலே நன்றாக வரும். அதே படத்தை ‘டாக்குமென்ட்’ என்று அனுப்புங்கள், அப்படியே வந்து சேரும். இல்லாவிட்டால் அண்ணன் முகத்தை 2 அடிக்குச் சுருக்குங்கள். அண்ணி கோபிக்க மாட்டார்.

கேள்வி: எழுத்தெல்லாம் பெனரில் ஆங்கிலக் கிறுக்கலாக வந்துவிட்டது!
– சங்கத் தலைவர், டயகம

பாமினி எழுத்துருவில் தட்டெழுதிய ஃபைலை பாமினி இல்லாத கணினியில் திறந்திருக்கிறார்கள். அனுப்பும் முன் எழுத்துகளைக் கர்வாக, அதாவது வெறும் கோட்டு வடிவமாக, மாற்றச் சொல்லுங்கள். அல்லது யுனிகோடுக்கு வாருங்கள், காலம் ஆகிவிட்டது.

கேள்வி: தேர்தல் முடிந்தும் கழற்றாத பெனரில் எங்கள் பச்சைக் கட்சி வேட்பாளர் நீலமாகிவிட்டார். எப்படி?
– வாக்காளர், ராகலை

வெயிலில் மஞ்சளும் மெஜந்தாவும் முதலில் வெளுக்கும். சயானும் கறுப்பும் நின்று பிடிக்கும். பச்சையிலிருந்து மஞ்சள் போனால் மிஞ்சுவது நீலம்தானே. மலை உச்சியில் புற ஊதாக் கதிர் அதிகம் என்பதால் கட்சி மாற்றம் இங்கே இன்னும் வேகம். மழைக்காலம் ஒன்று கழிந்த பிறகு நிறம் மாறினால் அது மையின் வேலை. அதற்கு முன்பே மாறினால் வேட்பாளரின் வேலை.

கேள்வி: சம்பளப் போராட்டத்துக்கு அடிக்கடி பெனர் அடித்துச் சங்கப் பணம் கரைகிறது. மை மிச்சம் பிடிக்க வழி?
– தோட்டத் தலைவர், அக்கரப்பத்தனை

வாசகம் மாறுவதில்லை, எண்தானே மாறுகிறது! பல வருடம் நாட்சம்பளம் 1000 ரூபா கேட்டு, அது 2021 மார்ச்சில்தான் கிடைத்தது. 2024 மே தினத்தில் கொட்டகலை மேடையில் 1700 என்றார்கள். அந்த ஆண்டு செப்டம்பரில் அடிப்படைச் சம்பளம் 1350 என்று வந்து நின்றது. ஆகவே 10க்கு 4 அடி பெனரில் எண் வரும் இடத்தை வெறுமையாக விட்டு, 2க்கு 1 அடி ஸ்டிக்கரில் எண்ணை மட்டும் அடித்து ஒட்டுங்கள். 40 சதுர அடிக்குப் பதில் 2 சதுர அடி. பேச்சுவார்த்தை எப்படி முடிந்தாலும் பெனர் தாங்கும். பின்னணியை முழுக்கச் சிவப்பாக நிரப்பாமல் வெள்ளையில் சிவப்பு எழுத்தாகப் போட்டால் மை இன்னும் குறையும். தூரத்திலிருந்து வாசிக்கவும் சுலபம்.

கேள்வி: பிரின்ட் ஓடும்போது கரண்ட் போனால் முதலில் என்ன செய்ய வேண்டும்?
– புதிதாகக் கடை போட்டவர், லிந்துலை

திட்டி முடித்ததும் ஹெட்டைப் பாருங்கள். அது மூடியின் மேல் போய் உட்காராமல் நடுவழியில் நின்றால், நொசிலில் மை காய்ந்து அடைத்துவிடும். உங்கள் மெஷின் அனுமதித்தால் கையால் மெதுவாகத் தள்ளி மூடியில் சேருங்கள். 2022 மார்ச் இறுதியில் நாளுக்கு 13 மணி நேர மின்வெட்டு வந்தபோது இதைக் கற்காத கடை இல்லை. யூ.பி.எஸ். வாங்குகிறீர்கள் என்றால் கணினிக்கும் மெஷினுக்கும் மட்டும் கொடுங்கள்; ஹீட்டரை அதில் மாட்டினால் தாங்காது. அத்துடன், இரண்டு கம்பனி மையை ஒரே தொட்டியில் கலக்காதீர்கள். சில சமயம் உள்ளேயே கட்டியாகிவிடும். அதற்குக் கரண்ட் போக வேண்டிய அவசியம்கூட இல்லை.

கேள்வி: கழிவு மையைக் கானில் ஊற்றலாமா?
– டிக்கோயா

உங்கள் பக்கத்துத் தண்ணீர் காசல்ரீ நீர்த்தேக்கத்துக்குப் போய், அங்கிருந்து களனி கங்கையில் சேருகிறது. அம்பத்தளையில் அதைச் சுத்திகரித்துக் கொழும்பு குடிக்கிறது. கொழும்பின் மீது கோபம் இருந்தாலும் வேறு வழி பாருங்கள். மூடிய கேனில் சேர்த்து வையுங்கள்.

கேள்வி: 2023இல் மலையக மக்களின் 200 ஆண்டு நினைவாகத் தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு நடந்தார்கள் அல்லவா? அதைப் பார்த்து எங்கள் தோட்டத்திலும் பழைய படங்களை வைத்துக் கண்காட்சி செய்ய ஆசை. பாட்டியின் பாஸ்போர்ட் அளவுப் படம் ஒன்றுதான் இருக்கிறது. பெரிதாக்க முடியுமா?
– பல்கலைக்கழக மாணவி, பூண்டுலோயா

முடியும், மகளே. பல வீடுகளில் பாட்டிக்கு இருக்கும் ஒரே படம், பிரஜாவுரிமை விண்ணப்பத்துக்கோ, 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு கப்பல் ஏறும் பத்திரத்துக்கோ எடுத்ததாக இருக்கும். யாரென்று நிரூபிக்க எடுத்த படம். அதனாலேயே முகம் நேராக, தெளிவாக இருக்கும். உங்களுக்கு அது வசதி.

கைபேசியால் படத்தைப் படம் பிடிக்காதீர்கள். ஸ்கேனரில் வைத்து 1200 டி.பி.ஐ.யில் எடுங்கள். 35 மில்லிமீட்டர் அகலப் படம் ஏறக்குறைய 1,650 புள்ளியாகும். 2 அடி அகலத்துக்கு அடித்தால் அங்குலத்துக்கு 69 புள்ளி. நாலைந்து அடி தள்ளி நின்று பார்க்கத் தாராளம். இரண்டு அடிக்கு மேல் ஆசைப்பட வேண்டாம். பழைய தாளில் அதற்கு மேல் விவரம் இல்லை.

அடுத்தது சாம்பல் நிறம். கறுப்பு வெள்ளைப் படம்தான் கடைக்காரருக்குப் பெரிய சோதனை. சயான், மெஜந்தா, மஞ்சள் மூன்றையும் கலந்து சாம்பல் செய்யும்போது ஒன்று இம்மி பிசகினாலும் பாட்டி ரோஸாகவோ பச்சையாகவோ தெரிவார். கறுப்பு மையை மட்டும் வைத்து அடித்தால் நிறம் பிசகாது, ஆனால் கன்னத்தில் மணல் தெளித்த மாதிரிப் புள்ளிகள் தெரியும். கறுப்பை அதிகமாகவும் மற்ற மூன்றையும் மிகக் குறைவாகவும் போடும் புரொஃபைலைக் கேளுங்கள். 8 பாஸ், ஒரே திசை. அவசரப்படுத்தாதீர்கள்.

முகத்தைத் ‘தெளிவாக்கும்’ செயலிகளிடம் மட்டும் கொடுத்துவிடாதீர்கள். அவை தெரியாத இடத்தைத் தாமாகவே இட்டுக்கட்டும். மூக்குத்தியை மரு என்று நினைத்துத் துடைத்துவிட்டு, யாரோ ஒரு நடிகையின் கன்னத்தை ஒட்டிவிடும். கீறல் இருந்தால் இருக்கட்டும்.

கேள்வி: பழைய தேர்தல் பெனரை லயத்துக் கூரைக்குப் படங்காகப் போடப் போகிறேன். அச்சுப் பக்கம் உள்ளேயா, வெளியேயா?
– ஒழுகும் வீட்டுக்காரர், அப்கொட்

மழைக்கு இரண்டு பக்கமும் ஒன்றுதான். வெயிலுக்கு வெள்ளைப் பக்கம் வெளியே இருப்பது நல்லது. வீடு கொஞ்சம் சூடு குறையும். ஆனால் அப்படிப் போட்டால், ‘தனி வீடு தருவோம்’ என்ற வாசகத்தோடு தலைவர் ராத்திரி முழுக்க உங்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருப்பார். தூக்கம் வருமா என்று ஒரு நாள் படுத்துப் பார்த்துவிட்டு ஆணி அடியுங்கள்.